பன்னிரண்டாவது முட்டை

பாக்கியலெட்சுமி கொண்டுவந்து கொடுத்த முட்டைகளில் பதினொன்றை நான் தின்றிருக்கிறேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல மனுசன் வேசம் போட்டுவிட்டு நடுவில் மாட்டிக்கொள்வதைவிட, முதலிலேயே ஒத்துக்கொள்வது மேல்.

எழுபத்து நாலாம் வருசம். நமுனுகுல மலைக்குக் கீழே மேமலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. பெயர் வைரவநாதன். பதுளைப் பட்டணத்தில் எங்கள் அப்பாவுக்கு ஒரு புடவைக்கடை இருந்தது. அந்தச் சின்னக் கடைக்குள் அண்ணன்மார் நாலு பேர் நிற்கவே இடம் போதாமல் இருந்ததால், ஐந்தாவது ஆளான நான் மலையேறி வந்தேன். பதினாலு வருசமாகக் கொழுந்து நிறுக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், சத்தம் அதைவிட அதிகம். எனக்குப் பின்னால் அந்தப் பொம்பளைகள் என்ன பட்டப்பெயர் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை எழுத முடியாது.

அது பஞ்சத்து வருசம். கூப்பன் அரிசியைக் குறைத்துவிட்டார்கள். மாவு வரும் என்பார்கள், வராது. பசறையில் பாண் ரொட்டிக்கு விடிய முந்தியே கியூ. லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்த ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்றார்கள், அது முடிந்ததும் அதன் இலையை அவித்துத் தின்றார்கள். காலையில் ஒரு துண்டுக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மலைக்கு ஏறி வந்து தேயிலை நிரையில் நிற்பார்கள். நின்ற இடத்திலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிடுவார்கள். நான் சத்தம் போடுவேன். அதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

அந்த மார்ச் மாசத் தொடக்கத்தில் தோட்டத்து மானேஜரான பெரியதுரை ஓர் உத்தரவு போட்டார். ஒரு நாளைக்குப் பதினாறு றாத்தல் கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். மாசத்தில் பதினெட்டு முழுப் பேர் இல்லாத ஆளின் பெயரைச் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் வெட்டிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்த சீட்டு இருந்தால் மட்டும்தான் தப்பலாம். பெயர் வெட்டினால் மாவும் இல்லை, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் இல்லை. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கே போவது? அதற்கு உத்தரவில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அந்த உத்தரவு வந்த வாரம்தான் பாக்கியலெட்சுமி காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு வந்து நின்றாள். புருசன் செத்து ஆறு மாசம். ஒரு மகள், ஒரு கைக்குழந்தை. தைமாசக் கடைசியில் அடுப்புக்குத் தேயிலை மிலாறுக் குச்சி வெட்டும்போது கவ்வாத்துக் கத்தி வலது கையில் இறங்கிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். புண் ஆறியது, ஆனால் பெருவிரலும் சுட்டுவிரலும் சேரவில்லை. கொழுந்து எடுக்கிறவளுக்கு அந்த ரெண்டு விரல்தான் கை.

“ஐயா, நானும் நிரைக்கு வாறேன்.”

“எந்தக் கையால எடுக்கப் போற?”

“எடக் கையி இருக்குல்லீங்க.”

“எடக் கையால பதினாறு றாத்தலா? வெளையாடுறியா நீ?”

“வராட்டி அரைப் பேர் போடுங்க. வீட்டுல குந்தியிருந்தா அதுவும் இல்லையே.”

பக்கத்தில் நின்ற முருகையா கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினார். “போகட்டுங்கய்யா. கைக்கொழந்தக்காரி. ரெண்டு நாள் பாப்பமே.”

சரி, தொலையட்டும் என்று நிரையில் விட்டேன். முதல் ரெண்டு நாள் எட்டு, ஒன்பது றாத்தல்தான் வந்தது. மூன்றாம் நாள் பதினாறரை. நாலாம் நாள் பதினேழு. பரவாயில்லையே, பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். தராசு முள் எங்கே நிற்கிறதோ அதை எழுதுகிறவன் நான். கூடைக்குள் பார்க்கிற வேலை என்னுடையதல்ல.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் என் குவாட்டர்ஸ் வாசலில் முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு நின்றாள். ரெண்டு முட்டை, அவள் வளர்த்த கோழி இட்டது.

“ஐயா செஞ்ச புண்ணியத்த மறக்க மாட்டேன்.”

நிரையில் சேர்த்துக்கொண்டதற்காகச் சொல்கிறாள் என்று எண்ணி, பெரிய மனுசன் மாதிரித் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்காவது சொன்னேனா? சொல்லவில்லை. வெறும் ரொட்டியும் உப்புச் சம்பலும் தின்று நாக்குச் செத்துக் கிடந்தது. அன்றைக்கே ரெண்டையும் பொரித்துத் தின்றேன். அதன்பிறகு ரெண்டு நாளைக்கொரு தடவை ஒன்று, சில நேரம் ரெண்டு என்று வந்துகொண்டிருந்தது.

*

பாக்கியலெட்சுமியின் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் சவரியம்மா இருந்தாள். நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரைவரை எட்டாத சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் நாலு வருசமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது, லயத்துக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலியில் வருகிற சண்டையைத் தவிர.

காரணம் மிக்கேல், சவரியம்மாவின் புருசன். அவன் அப்போது ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற ஆலையில் வேலை. நல்ல வேலை, மழை வெயில் படாத வேலை. ஒருநாள் சாரத்து முடிச்சில் கொஞ்சம் தேயிலைத் தூள் கட்டிக்கொண்டு வந்ததைப் பாக்கியலெட்சுமி ஆபீசில் சொல்லிவிட்டாள். அவனை மலையில் கான் வெட்ட, அதாவது வாய்க்கால் தோண்டப் போட்டுவிட்டார்கள். அவள் சொன்னது உண்மைதான், அதனால்தான் மிக்கேலுக்கு ஆத்திரம் ஆறவேயில்லை. பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ மன்னித்திருப்பான்.

சவரியம்மா எங்கள் தோட்டத்தில் முதல் கை. முப்பது றாத்தலுக்குக் குறைந்து கூடையை இறக்கமாட்டாள். பதினாறுக்கு மேலே வருகிற கொழுந்துக்குத் தனியாக ஒரு கைக்காசு உண்டு, அந்தக் காசில்தான் அவள் வீட்டில் கிழங்கு வெந்தது. வேதக்காரி. தோட்டத்து மூலையில் தகரம் போட்ட ஒரு சின்ன மாதா கோயில் இருக்கிறது, மாசத்துக்கொரு தடவை பதுளையிலிருந்து சாமியார் வருவார். அது நாற்பது நாள் தவசு காலம் வேறு. வேதக்கார வீடுகளில் வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் தின்று ஒருசந்தி பிடிப்பார்கள். அந்த வருசம் எல்லா வீட்டிலும் எல்லா நாளும் ஒருசந்திதான்.

பதினைந்தாம் தேதி வாக்கில் ஆறாம் நம்பர் மலைக்கு நான் ஏறிக்கொண்டிருந்தபோது, கானுக்குள்ளிருந்து மண்வெட்டியோடு எழுந்து மிக்கேல் வழியை மறித்தான்.

“ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? கோவிக்கப்படாது.”

“கேளு.”

“ஒங்க தராசு நொண்டுதா?”

“என்னடா பேச்சு இது?”

“எம் பொண்டாட்டி முப்பது றாத்தக்காரி. இந்த மாசம் பதினெட்டு, பதினேழுன்னு எழுதியிருக்கீங்க. முந்தாநாள் அரைப் பேரு. கேட்டா, செடியில கொழுந்து இல்லன்னு சொல்றா. மத்தவளுகளுக்கு இருக்குற கொழுந்து அவளுக்கு மட்டும் எங்கங்க போச்சு?”

“அவ கையில சொணக்கம் வந்திருக்கும். வயசாகுதுல்ல.”

“முப்பத்தஞ்சு வயசுங்க அவளுக்கு. காலையில போறப்ப நல்லாத்தான் போறா. வாறப்ப புழிஞ்சு போட்ட துணியாட்டம் வாறா.”

“அப்ப வீட்டுல நல்லாத் திங்கச் சொல்லு.”

அவன் என்னையே பார்த்தான். திங்கச் சொல்லு என்று அந்த வருசத்தில் யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னபிறகுதான் எனக்கு உறைத்தது. குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

*

இருபதாம் தேதி சின்னத்துரையிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. ஸ்டோருக்கு வருகிற கொழுந்தில் முற்றல் இலையும் நீளத் தண்டும் கிடக்கின்றன, இனிமேல் ஒவ்வொரு கூடையையும் கையை விட்டுப் பார்த்தே நிறுக்க வேண்டும் என்று.

கொழுந்து நிறுக்கிற கொட்டகையை மடுவம் என்போம். பகலுக்கு ஒரு நிறுவை, பின்னேரம் ஒரு நிறுவை. பகல் நிறுவைக்கு முன்னால் கூடைகளை வரிசையாக வைத்துவிட்டு, பால் கொடுக்கிற தாய்மார் குழந்தைகளை விட்டிருக்கிற பிள்ளைக்காம்பராவுக்கு ஓடுவார்கள். அவர்கள் ஓடித் திரும்புவதற்குள் பக்கத்தில் இருக்கிறவர்கள் கூடையைத் தூக்கித் தராசில் மாட்டிவிடுவார்கள். பாக்கியலெட்சுமிக்கு எப்படியும் தூக்கக் கை இல்லை. ஆகவே அவள் கூடையில் என்ன இருந்தது என்று அவள் பார்ப்பதேயில்லை, நான் கூப்பிடுகிற கணக்கை மட்டும் கேட்பாள்.

அன்றைக்கு லேசாகத் தூறியது. பாக்கியலெட்சுமியின் கூடை தராசில் தொங்கிற்று. கையை விட்டேன். மேலே இருந்த கொழுந்து அத்தனை சுத்தம். இரண்டு இலை, ஒரு மொட்டு, நகத்தால் கிள்ளியது போலக் குட்டைத் தண்டு. கையை ஆழ விட்டேன். அடியில் இருந்தது கசங்கின கொழுந்து, இழுத்துப் பிய்த்த நீளத் தண்டு. பதினாலு வருசம் கொழுந்தைப் பார்த்தவனுக்கு, எடுத்த கை எது என்று தெரியும். ஒரு கூடைக்குள் இரண்டு கை இருந்தது.

ஓடி வந்த பாக்கியலெட்சுமி மூச்சு வாங்க நின்றாள்.

“இது யாரு கொழுந்து?” என்றேன். என் சத்தத்துக்கு மடுவமே அமைதியாகிவிட்டது.

“என்னதுங்க.”

“அடியில கெடக்குறது ஒன்னுது. மேல கெடக்குறது யாருது? யாரு கூடையில கைய வச்ச?”

“ஐயோ, சத்தியமா இல்லீங்க!”

“களவுக் கொழுந்துக்கு நான் பேர் போடணுமா? இந்த மாசம் பூரா என்னைய மடையனாக்கி இருக்க!”

பொம்பளைகள் முணுமுணுத்தார்கள். கொழுந்துக் களவு என்றால் பதினெட்டுப் பேர் எண்ணவே வேண்டாம், அன்றைக்கே பெயரை வெட்டிவிடலாம். அவள் அந்த வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அழுகையும் ஆத்திரமுமாக வெடித்தாள்.

“நீங்கதானே போட்டு எழுதுனீங்க! என்னால அவ்வளவு எடுக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? பாவம் பாத்து ஐயா கூட்டி எழுதுறாருன்னுதானே நெனச்சேன்! அதுக்குத்தானே ஒங்களுக்கு முட்ட கொண்டாந்தேன்!”

முப்பது பொம்பளைகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முருகையா கங்காணி மேலே தகரத்தைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது? தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் வரிசையில் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அவள ஒண்ணும் சொல்லாதீங்கய்யா. நான்தான் போட்டேன்.”

சவரியம்மா. தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். “அவ புள்ளைக்குப் பால் குடுக்க ஓடுறப்ப எங் கூடையில இருந்து அள்ளி அவ கூடையில போட்டேன். அவளுக்குத் தெரியாது. பேர வெட்டுறதுன்னா எம் பேர வெட்டுங்க.”

பாக்கியலெட்சுமி அவளையே பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று நான் நினைத்தேன். எனக்கு என்ன தெரியும்? அவள் தராசிலிருந்த கூடைக்குள் இடது கையை விட்டு, மேலே கிடந்த சுத்தக் கொழுந்தைப் பிடி பிடியாக அள்ளிச் சவரியம்மாவின் கூடையில் எறிந்தாள்.

“இந்தா. ஒன்னோட ஒரு கொழுந்தும் எனக்கு வேணாம். பீலியில தண்ணிச் சண்டையில அன்னைக்கி என்னா சொன்ன? இவங்க முன்னால சொல்லு.”

சவரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். “ஓங் கையி வெளங்காமப் போகணும்னு சொன்னேன்.”

“போச்சுல்ல? எட்டு நாள்ல போச்சுல்ல? பெறகு எதுக்குடி கொழுந்து?”

சவரியம்மா தலைத்துணியைத் திரும்பக் கட்டினாள். கூடையை எடுத்துக்கொண்டு வரிசையில் தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

ஒருத்தி கொழுந்தை இன்னொருத்தி கூடையில் போடுவதும் குற்றம்தான். கள்ளப் பேர் என்று ஆபீசுக்கு எழுதி அனுப்ப வேண்டும். பேனாவைத் திறந்தேன். முட்டையின் ஞாபகம் வந்தது. பேனாவை மூடிவிட்டேன்.

பின்னேரம் நிறுவை முடிந்து எல்லோரும் போனபிறகு பாக்கியலெட்சுமி என்னிடம் வந்தாள். அழுது முடித்த முகம்.

“நீங்க எழுதலைன்னா, அத முட்டைய வாங்கையிலயே சொல்லியிருக்கலாமேங்க. எம் மகளுக்கு அவிச்சுக் குடுத்திருப்பேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பதிலாக என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

*

ஐந்து மணிபோல நான் மிக்கேல் வீட்டுக்குப் போனேன். கணக்கப்பிள்ளை லயத்துக்குப் போவது வழக்கமில்லை. மிக்கேல் ஒரு சாக்கை உதறிப் போட்டான். சவரியம்மா வெறும் தேத்தண்ணி கொண்டுவந்தாள், உள்ளங்கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியோடு. அதை நான் தொடவில்லை. ஒரு நாளில் அவ்வளவாவது படித்திருந்தேன்.

“ஏம்மா இப்படிச் செஞ்ச?” என்று மெதுவாகத்தான் கேட்டேன். சுவர் இருக்கிறதே.

அவள் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினாள். மூலையில் ஒரு சின்ன மண்பானை கவிழ்த்து வைத்திருந்தது.

“அது பிடியரிசிப் பானைங்க. உல வைக்கிறப்பல்லாம் ஒரு பிடி அரிசிய அதுல போட்டு வப்போம். சாமியார் வாறப்ப கோயில்ல குடுத்தா, இல்லாதப்பட்ட ஆளுகளுக்குக் குடுப்பாரு. எங்கம்மா செஞ்சாங்க, நானும் செஞ்சேன். இந்த வருசம் அரிசியே இல்ல. பானையக் கவுத்துட்டேன்.”

“சரி.”

“பீலியில நான் அப்படிச் சொல்லி எட்டாம் நாள் அவ கையில கத்தி எறங்கிருச்சு. எனக்குச் சோறு எறங்கல. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். நீ சொன்னதால கை போகல, ஆனா நீ சொன்னது பாவம், மூணு செபம் சொல்லுன்னாரு. சொன்னேன். மூணு செபத்துல தீருற காரியமாங்க அது? அவளுக்குக் கையில்ல, எனக்கு ரெண்டு கையி இருக்கு. எங்கிட்ட அரிசிதான் இல்ல, கொழுந்து இருக்கே. ஒரு பிடி போட்டேன். பெறகு ரெண்டு பிடி.”

“பயத்துல போட்டியா?”

“மொதல்ல பயந்தாங்க.” சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டாள். “பெறகு, அவ அந்தப் புள்ளைக்காக மலையில எறங்கி ஓடுறதையும் ஏறி ஓடியாறதையும் நாளும் பாத்தேன். வயித்துல ஒண்ணுமில்லாம எப்படிங்க பால் வரும்? அத நெனச்சாப் பயமெல்லாம் போயிருச்சு. அவ கூடைய நெறைச்சாத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. அவ கைக்கு நான் இருக்கேன்னு ஒரு சந்தோசம்ங்க. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“அவகிட்டயே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா வாங்குவாளா? ரோசக்காரி. நீங்கதான் எழுதுறீங்கன்னு நெனச்சுக்கிட்டா. நல்லதாப் போச்சுன்னு இருந்தேன். அந்த முட்ட மட்டும் ஒங்க பக்கம் போறதப் பாக்கத்தான்...” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மிக்கேல் இவ்வளவு நேரமும் வாசல்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இப்போது திரும்பினான்.

“ஐயா, அவ ஆபீசுல போய்ச் சொன்னதுக்கு நாலு வருசமா நான் அவ நிழல மிதிக்கல. இவ என்னடான்னா அவ கூடைய நெறச்சிருக்கா. அது போகட்டும். ரெண்டு வாரமா ராத்திரி ரொட்டிய எங்க தட்டுல போட்டுட்டு, எனக்குப் பசிக்கலன்னு சொல்லிட்டு ஒதுங்கிக்கிருவா. நானும் நம்பித் தின்னேன் பாருங்க. மாடு நான்.”

“நீ ஒரு மாடு, நான் ஒரு மாடு,” என்றேன். அவன் சிரித்துவிட்டான். தெருவில் இறங்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லாததைக் கவனித்தேன். குழந்தைகூட அழவில்லை.

*

அதன்பிறகு பாக்கியலெட்சுமி தன் கூடையை யாரும் தொட விடவில்லை. பால் கொடுக்க ஓடும்போது கூடையை என் காலடியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, “பாத்துக்கங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள். பத்து, பதினொன்று என்று மூன்று நாள் அரைப் பேர்தான் விழுந்தது. பிறகு நல்ல மழை பெய்தது. சட்டென்று செடியெல்லாம் பச்சையாய்ப் பொங்கி நின்றது. இடது கையும் பழகிக்கொண்டது. அவள் தன் கையாலேயே பதினாறைத் தொட்டாள்.

சவரியம்மாதான் விழுந்துவிட்டாள். ஒரு மாசம் பசியோடு மலை ஏறின உடம்பு, மழையில் நனைந்ததும் காய்ச்சலைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தோட்டத்து மருந்துக்கலவையைக் குடித்துவிட்டு வீட்டிலேயே படுத்துக் கிடந்தாள். மாசக் கடைசி நாள் காலையில் செக்ரோலைப் புரட்டினேன். பாக்கியலெட்சுமிக்குப் பதினேழு முழுப் பேர். சவரியம்மாவுக்கும் பதினேழு. கொழுந்தை அள்ளிக் கொடுத்துவிட்டுத் தான் அரைப் பேர் வாங்கின நாட்கள் அவளைக் காலை வாரிவிட்டிருந்தன. இரண்டு பேருக்கும் ஒரே ஒரு பேர் வேண்டும். நாள் ஒன்றுதான் இருந்தது.

பெரட்டுக்குச் சவரியம்மா வந்தாள். மிக்கேல் அவளுடைய கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து நிரையில் விட்டுவிட்டுக் கானுக்குப் போனான். அவளுக்குக் கண் இரண்டும் செவசெவவென்று இருந்தது. போய்ப் படு என்று சொல்ல எனக்கு வாயில்லை. படுத்தால் காம்பரா போய்விடும். பகல் நிறுவையில் அவள் கூடை ஐந்து றாத்தல்தான் இருந்தது.

பின்னேரமும் மழை விட்டு விட்டுத் தூறியது. எல்லோரும் ஈரக் கூடைகளோடு வந்து நின்றார்கள். சவரியம்மாவால் நிற்க முடியவில்லை, மடுவத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தாள். முருகையா கங்காணி அவளுடைய கூடையைத் தராசில் மாட்டினார். முள் சாய்ந்த இடத்தைக் குனிந்து மறுபடி பார்த்தேன். பதினொன்று. இந்த உடம்போடு எப்படி?

உத்தரவு உத்தரவுதானே. கையை விட்டேன். மேலாகக் கிடந்தது முழுக்கக் கசங்கின கொழுந்து. இழுத்துப் பிய்த்த நீளத் தண்டு. இடது கைக் கொழுந்து.

நிமிர்ந்து பார்த்தேன். பாக்கியலெட்சுமி எனக்கு நேரே நின்றுகொண்டிருந்தாள். பிள்ளையை எடுக்கப் போகவில்லை. வேண்டுமானால் சத்தம் போட்டுப்பார் என்பதுபோல என் முகத்தையே பார்த்தாள்.

“பிள்ளையத் தூக்கப் போகலையா?” என்றேன்.

“போகணும். எழுதுங்க, போறேன்.” பிறகு கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: “நீங்க அன்னைக்கி அவகிட்டக் கேட்டது, அவ சொன்னது, எல்லாம் செவுத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சுங்க. அப்பவும் எனக்கு மனசு எறங்கல. இந்த ஒரு வாரமா காய்ச்சல்ல கெடந்துகிட்டு, எங் கைக்குச் செபம் சொல்றாங்க அவ. பாக்கியம் கைய நல்லாக்கு சாமின்னு. தங் காய்ச்சலுக்கு ஒண்ணும் கேக்கக் காணோம். எத்தன நாளைக்கி நான் அதக் கேட்டுக்கிட்டுப் படுத்துக் கெடக்குறது?”

“ஒன் கூடைக்கு என்ன செய்வ? ஒனக்கும் ஒரு பேர் வேணுமே.”

“எனக்கு வந்தது வரட்டும். அவளுக்குப் போடுங்க.”

அவளுடைய கூடையை மாட்டினேன். பகலுக்கு எட்டு, இப்போது எட்டு. பதினாறு. சவரியம்மாவுக்கு ஐந்தும் பதினொன்றும் பதினாறு.

தராசு அப்படித்தான் காட்டியது. ஆனால் மழை நாளில் தராசு காட்டுகிறதை அப்படியே எழுத முடியாது. இலையில் இருக்கிற தண்ணீருக்கென்று ஒவ்வொரு நிறுவையிலும் மூன்று றாத்தல் கழித்துத்தான் எழுத வேண்டும். கழிவு என்று அதற்குப் பெயர். அது கம்பெனி உத்தரவு. அன்றைக்குக் கழிவு போட்டால் இரண்டு பேருக்கும் பத்து. இரண்டு பேருக்கும் அரைப் பேர். இரண்டு காம்பராவும் காலி.

இந்தப் பதினாலு வருசத்தில் எத்தனை ஆயிரம் றாத்தல் கழித்திருப்பேன்! ஒருநாள் கழிக்காவிட்டால் என்ன? பேனாவைத் திறந்து, சவரியம்மா பதினாறு, முழுப் பேர் என்று எழுதினேன். பாக்கியலெட்சுமி பதினாறு, முழுப் பேர். இரண்டு பேருக்கு மட்டும் கழிக்காமல் விட்டால் அநியாயம் ஆகுமே என்று முதலிலிருந்து கணக்கைத் திருத்தி, முப்பது பேருக்கும் கழிவில்லாமல் எழுதினேன்.

“ஐயா, கழிவு...” என்று முருகையா கங்காணி இழுத்தார்.

“மழை எங்கய்யா பெஞ்சுச்சு? தூத்தல்தானே,” என்றேன். அப்போது என் தோளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

*

ஸ்டோர்க் கணக்கும் என் கணக்கும் இடித்தது. பெரியதுரை கூப்பிட்டார். மறந்துவிட்டேன் துரை என்று சொன்னேன். மூன்று மாசத்துக்கு என்னைக் கொழுந்துக் கணக்கிலிருந்து எடுத்து, கான் வெட்டுக்குக் காவல் போட்டார். தினமும் மிக்கேலின் பக்கத்தில் சேற்றில் நின்றேன். அவன் பேச்சுக்கு ஆள் கிடைத்த சந்தோசத்தில் எனக்குத் தோட்டத்து நூறு வருசக் கதையையும் சொன்னான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூன்று மாசம் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

உயிர்த்த ஞாயிறு அன்று காலையில் மாதா கோயில் தகரத்து மணி அடித்து ஓய்ந்திருந்தது. சவரியம்மா தேறி எழுந்து பூசைக்குப் போய்வந்துவிட்டாள். நான் குவாட்டர்ஸ் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். கோழி முட்டையிடுகிற புதர்ப் பக்கமிருந்து பாக்கியலெட்சுமி முந்தானையில் முடிச்சோடு என் வாசல் வழியாக வந்தாள். என் நாக்கு கேட்கவில்லை, எச்சில் ஊறியது. அவள் என்னைப் பார்த்ததும் முந்தானையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

“இது ஒங்களுக்கில்லீங்க,” என்று சொல்லிவிட்டு நேரே எதிரே தெரிந்த லயத்துக்குப் போய்ச் சவரியம்மா வீட்டு வாசலில் நின்றாள். நாலு வருசத்துக்குப் பிறகு அந்த வாசல்படியில் ஏறினாள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. முதலில் யாரோ அழுத சத்தம் வந்தது. அரைமணி நேரத்தில், பீலியில் என் வாளியை நகர்த்தி வைத்தது யாரென்று ஒருத்தி கேட்கவும், நான்தான்டி, அதற்கென்ன இப்போது என்று மற்றவள் கத்தவும், மனசுக்கு நிறைவாக இருந்தது.

பத்து மணிபோல மிக்கேல் வந்தான். கையில் தேக்கிலையில் மடித்து ஓர் அவித்த முட்டை.

“சவரியம்மா குடுத்துவிட்டா. ரெண்டு வீட்டுப் புள்ளைகளுக்கும் குடுத்தாச்சு. இது ஒங்களுக்குன்னு பாக்கியமே எடுத்து வச்சுச்சு. ஐயா முழுசா தின்னணுமாம்.”

வாங்கினேன். இன்னும் சூடாக இருந்தது. அந்தப் பதினொன்றும் எப்படி ருசித்தது என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகமில்லை. இதை உரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. மிக்கேலைப் பார்த்தேன். அவன் முட்டையைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இந்தா மிக்கேலு, நீ தின்னு. எனக்குப் பசிக்கல,” என்றேன்.

அவன் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“அந்தப் பேச்ச நம்பி நான் ஒருக்கா ஏமாந்தவங்க. பாதிய நீங்க தின்னுங்க. தின்னாத்தான் மத்தப் பாதிய நான் தொடுவேன்.”

வாசல்படியில் உட்கார்ந்து, நகத்தால் இரண்டாகப் பிளந்து, இருவரும் தின்றோம்.